சிறு கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

மும்பைத் தீவின் நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் 1970-ஆம் ஆண்டில் சிட்கோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அந்நிறுவனம் திட்டமிட்டு அமைத்த நவி மும்பையின் பகுதிகளுள் நெருளும் ஒன்று. மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பிற்காலத்தில் இத்தகைய புதுக் குடியிருப்புகளை நாடி வந்தன. அடுக்கு வீடுகளில் இடம் அருமை. ஆகவே, மேசையின் ஒரு மூலையில் அடங்கும் சிறு கணிப்பொறியையே பலர் விரும்புகின்றனர். பகலில் மாணவரின் பாடத்துக்கும் இரவில் விளையாட்டுக்கும் அது ஒன்றே பயன்படுகிறது.

ஆண்டுகள் சில சென்றதும், புதிய விளையாட்டுகள் திரையில் தடுமாறத் தொடங்குகின்றன. கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டால் போதும் என்று நண்பர்கள் யோசனை கூறுகின்றனர். ஆனால், புதிய கார்டு ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அஃது எளிதில் ஒதுக்கக்கூடிய தொகை அன்று. மேலும், பெரிய பெட்டிக்குப் பொருந்தும் யோசனை சிறு பெட்டிக்கும் பொருந்தும் என்பது நிச்சயமில்லை. பணத்தைச் செலவிடுவதற்கு முன், இப்பிரச்சினையை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து முடிவு காண்பது எங்ஙனம் என்பதை இங்கு நோக்குவோம்.

கார்டு செய்யும் வேலை

திரையில் தோன்றும் ஒவ்வொரு படமும் மிக நுண்ணிய புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக வழங்கும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். அசைவு தடங்கலின்றித் தோன்ற விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் எனக் கொண்டால், ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணித்தாக வேண்டும். ‘4கே’ எனப்படும் திரையில் புள்ளிகள் இதைப்போல் நான்கு மடங்கு.

இவ்வேலையை இரண்டு உறுப்புகள் பங்கிட்டுக் கொள்கின்றன. விளையாட்டின் விதிகள், பாத்திரங்களின் நடமாட்டம், பொருள்களின் மோதல் முதலியவற்றைக் கணித்து, எதை வரைய வேண்டும் என்று கட்டளையிடுவது பிராசசர். கட்டளைப்படி புள்ளிகளை வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதிலுள்ள சில்லு, ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே சமயத்தில் செய்ய வல்லது. கல்யாண வீட்டில் தலைமைச் சமையற்காரர் பட்டியல் கொடுக்க, பலர் அமர்ந்து ஒருங்கே காய் நறுக்குவதை இதற்கு ஒப்பிடலாம். பட்டியல் வரத் தாமதமானால், நறுக்குவோர் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

தடை எங்கே உள்ளது?

ஆகவே, முதலில் அறிய வேண்டியது தாமதத்துக்குக் காரணம் யாது என்பதே. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வழக்கமாக விளையாடும் விளையாட்டை 1,920-க்கு 1,080 என்ற அளவில் ஓடவிட்டு, விநாடிக்கு எத்தனை படங்கள் தோன்றுகின்றன என்று குறித்துக் கொள்ள வேண்டும். பின்னர், அதே காட்சியில் அளவை 1,280-க்கு 720 ஆகக் குறைக்க வேண்டும். இப்பொழுது புள்ளிகள் 9,21,600 மட்டுமே. வரையும் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. படங்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தால், தடை கார்டில் உள்ளது. கார்டை மாற்றினால் பலன் கிட்டும். எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றால், தடை பெரும்பாலும் பிராசசரில் உள்ளது. அந்நிலையில் எவ்வளவு உயர்ந்த கார்டை வாங்கினும் பணம் வீணே.

வேகத்தைத் தவிர வேறு இரு காரணங்களும் கார்டை மாற்றத் தூண்டலாம். ஒன்று, கார்டின் நினைவகம் போதாமை. விளையாட்டின் படங்களும் உருவங்களும் அந்நினைவகத்தில் அடங்காவிடில், அவை தாய்ப்பலகை வழியே அடிக்கடி போய்வர நேர்கிறது. சராசரி வேகம் நன்றாயிருந்தும் திரை இடையிடையே திக்கித் திக்கி நிற்கும். படங்களின் தரத்தை ஒரு படி குறைத்ததும் இத்திக்கல் மறையுமானால், குறை நினைவகத்தில்தான் என்று துணியலாம். மற்றொன்று, கார்டின் தலைமுறை. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற சில விளையாட்டுகள், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணிக்கும் தனி உறுப்பு கார்டில் இருந்தாலன்றி ஓடுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டில் அவ்வுறுப்பு இல்லை. அத்தலைமுறைக் கார்டுகளுக்குரிய வழக்கமான விளையாட்டுத் திருத்தங்கள் 2025 அக்டோபருடன் முடிவடையும் என்றும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை தொடரும் என்றும் என்விடியா நிறுவனம் அறிவித்தது. தாம் விரும்பும் விளையாட்டு இவ்வகையைச் சேர்ந்ததாயின், பழைய கார்டைச் சீர்திருத்துவதால் பயனில்லை.

இடமும் மின்சாரமும்

கார்டு தேவை என்று தெரிந்த பின், அது பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். சிறு கணிப்பொறிகள் பலவற்றில் உள்ள மினி-ஐ.டி.எக்ஸ். தாய்ப்பலகை 17 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உடையது. அதில் கார்டுக்கான ஸ்லாட் ஒன்றே. ஒரு ஸ்லாட்டின் கனம் 20.32 மில்லிமீட்டர். இன்றைய கார்டுகள் பல இரண்டு ஸ்லாட் கனத்தையும் மிஞ்சுகின்றன. எனவே நீளம், உயரம், கனம் ஆகிய மூன்றையும் அளவுகோல் கொண்டு அளக்க வேண்டும். மின்கம்பி வளைந்து திரும்புவதற்கு வேண்டிய இடத்தையும் கணக்கில் சேர்த்தல் நலம்.

அடுத்தது மின்சாரம். தாய்ப்பலகையின் ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமாயின், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தர வல்லவை.

அலுவலகங்களில் பயன்பட்டு, பின்னர் மறுவிற்பனைக்கு வரும் மெலிந்த கணிப்பொறிகளைப் பலர் வாங்கி விளையாட்டுக்கு உபயோகிக்கின்றனர். இவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் சிறிது, கார்டுக்குரிய தனிக் கம்பியும் அதில் இராது. இக்குறையைப் போக்க, வன்தட்டுக்குரிய சாட்டா முனையை ஆறு முனையாக மாற்றும் கம்பி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சாட்டா முனையின் 12 வோல்ட் பகுதி தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே. ஆறு முனையில் 75 வாட் இழுக்கும் கார்டை இதில் பூட்டினால், முனை சூடேறி உருகும், தீப்பற்றவும் கூடும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி வீட்டையே ஆபத்துக்குள்ளாக்குவது அறிவுடைமை ஆகாது. இத்தகைய கணிப்பொறிகளுக்குத் தனிக் கம்பி வேண்டாத கார்டுகளே ஏற்றவை. 2024-இல் வந்த 6 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 70 வாட்டில் இயங்குவது. இதற்கு அஃது ஓர் உதாரணம்.

உஷ்ணமே உண்மையான எல்லை

கணக்கிடும் யந்திரங்களுக்கு உஷ்ணம் பழம்பகை. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் முழுமை பெற்ற டிஃப்ராக் கணிப்பொறியில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் உஷ்ணத்தை உமிழ்பவை. ஆயின், அவை ஒரு பெரிய அறையில் பரவி நின்றன. இன்று அதனினும் பன்மடங்கு வேகமுள்ள சில்லு, பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிக்குள் அடைக்கப்படுகிறது. அது செலவிடும் ஒவ்வொரு வாட் மின்சாரமும் இறுதியில் உஷ்ணமாகவே மாறுகிறது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் காற்றின் உஷ்ணநிலையை 1 டிகிரி உயர்த்தச் சுமார் 1.2 ஜூல் சக்தி தேவை. பெட்டியிலுள்ள விசிறிகள் விநாடிக்கு 10 லிட்டர் காற்றை வெளியேற்றுவதாகக் கொள்வோம். கார்டு 120 வாட், பிராசசர் முதலிய பிற உறுப்புகள் 120 வாட், ஆக 240 வாட் செலவானால், பெட்டியினின்று வெளியேறும் காற்று அறைக் காற்றைவிட 20 டிகிரி மிகுந்திருக்கும். கோடையில் நெருளில் அறை 33 டிகிரி சென்டிகிரேடு எனின், அக்காற்று 53 டிகிரி. இதனிடத்தில் 200 வாட் கார்டைப் பொருத்தினால், மொத்தம் 320 வாட். வெளியேறும் காற்று ஏறக்குறைய 60 டிகிரி. இக்காற்றால்தான் சில்லு குளிர வேண்டும்! சில்லின் உஷ்ணநிலை 83 முதல் 90 டிகிரியை எட்டும்போது, தன்னைக் காத்துக் கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதி இவ்வாறு கைக்கு எட்டாமற் போகிறது. விசிறிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது.

கடலையும் கழியையும் அடுத்த ஊர்களில் மற்றொரு தொல்லையும் உண்டு. மழைக்காலத்து ஈரத்துடன் தூசி கலந்து, உஷ்ணத்தைக் கடத்தும் தகடுகளின் இடையே பசைபோல் படிகிறது. காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால், மேற்கூறிய கணக்கில் உஷ்ண உயர்வு இரட்டிப்பாகும்.

இதனின்று ஓர் உண்மை புலனாகிறது. சிறு பெட்டிக்குப் புதிய கார்டைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் நோக்க வேண்டிய எண், அதன் வாட் அளவே. பழைய கார்டின் வாட் அளவை மிஞ்சாமல் அதிக வேலை செய்யும் கார்டு கிடைக்குமாயின், அதுவே ஏற்றது. விஞ்ஞான வளர்ச்சி இதற்கு இடமளித்துள்ளது. 2016-இன் ஜி.டி.எக்ஸ். 1060 செலவிடுவது 120 வாட். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 செலவிடுவது 115 வாட். பின்னதன் வேகமோ மிக அதிகம். 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 அதனினும் வேகமானது. ஆனால் அதற்கு 145 வாட் தேவை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்: இப்புதிய கார்டுகள் இரண்டும் தாய்ப்பலகையுடன் 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களிலேயே தொடர்பு கொள்கின்றன. தாய்ப்பலகை பி.சி.ஐ.-இ மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்ததாயின், இத்தொடர்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 8 ஜி.பி. மட்டுமே, நான்காம் தலைமுறையில் அஃது இருமடங்கு. கார்டின் நினைவகம் நிரம்பி வழியும் வேளைகளில் இவ்வேறுபாடு புலப்படும்.

செலவின்றிச் செய்யத்தக்கவை

கடைக்குச் செல்லுமுன் சில காரியங்களைச் செய்து பார்க்கலாம். மின்இணைப்பை நீக்கி, விசிறியிலும் தகடுகளிலும் உள்ள தூசியை மென்தூரிகையால் அகற்ற வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்தாலே காற்றோட்டம் சீர்படும். மூடிய அலமாரிக்குள் வைத்தல் கூடாது.

அடுத்து, கார்டுக்குரிய மென்பொருள் மூலம் மின்அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம். சில்லின் மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவது. அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே வேகத்தில் மின்செலவு ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது. எல்லாச் சில்லும் இதை ஒரே அளவு தாங்குவதில்லை. ஆதலால் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோதித்தல் வேண்டும். விளையாட்டிலும் நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றின் தரத்தை ஒரு படி தாழ்த்தினால் பல சமயம் தடுமாற்றம் நீங்கும். இவ்வளவும் செய்தபின் குறை நீங்குமாயின், பணம் பையிலேயே இருக்கட்டும்.

மின்கட்டணத்தை எண்ணிச் சிலர் தயங்குவதுண்டு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் விளையாடும் ஒருவர், 100 வாட் கூடுதலாகச் செலவிடும் கார்டை வாங்கினால், மாதத்துக்கு ஆகும் அதிகச் செலவு 6 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என வைத்துக் கொண்டாலும் 60 ரூபாய்தான். கட்டணத்தைவிட, பெட்டிக்குள் தேங்கும் உஷ்ணமே கவலைக்குரியது.

வாங்குவதாயின்

மும்பையில் கணிப்பொறி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சந்தை, கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலை. அங்குப் புதியவையும் பழையவையும் கிடைக்கின்றன. பழைய கார்டு வாங்குவோர் ஒன்றை அறிதல் நன்று. எதீரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்காக இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பர் 15-க்குப் பின் அவ்வேலை நின்று போகவே, பெருமளவில் பழஞ்சந்தைக்கு வந்தன. அவற்றின் சில்லு நன்றாயிருந்தும், விசிறியும் உஷ்ணத்தைக் கடத்தும் பசையும் தேய்ந்திருக்கக் கூடும். எனவே, பழைய கார்டை அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, உஷ்ணநிலையைக் கவனித்து, ரசீதையும் மீதமுள்ள உத்தரவாதக் காலத்தையும் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

புதிய கார்டு வந்ததும் பழையதைக் குப்பையில் எறிவது தகாது. இயங்கும் நிலையிலுள்ள கார்டு மற்றொரு மாணவருக்கு உதவும். பழுதானதை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், முடிவு மூன்று வகைப்படும். சோதனையில் தடை பிராசசரிலோ தூசியிலோ இருப்பதாகத் தெரிந்தால், கார்டை வாங்க வேண்டியதில்லை. தடை கார்டில் இருந்து, பழைய வாட் அளவுக்குள் அடங்கும் புதிய கார்டு பெட்டிக்குள் பொருந்துமாயின், தயக்கமின்றி வாங்கலாம். விரும்பும் வேகத்துக்கு அதனினும் மிகுந்த வாட் தேவைப்படின், மாற்ற வேண்டியது கார்டு மட்டுமன்று, பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்., காற்றோட்டம் ஆகிய யாவுமே. அச்செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்த பின்னர், குடும்பத்தினர் கலந்து முடிவு செய்வதே முறை. அளவுகோலும் அரை மணி நேரச் சோதனையும் பல ஆயிரம் ரூபாயைக் காக்க வல்லவை.