அயல்நாட்டு நகரில் குடும்பத்திற்கேற்ற விடுதி

‘விடு’ என்னும் அடியிலிருந்து தமிழில் பிறந்த சொற்கள் பல. அவற்றுள் வீடு ஒன்று, விடுதி மற்றொன்று. உழைப்பவன் தன் தொழிலை விட்டு இளைப்பாறும் இடம் வீடு; வழிச்செல்வோன் தன் நடையை விட்டுத் தங்கும் இடம் விடுதி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிய இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. வீட்டில் விளக்கு அணைந்தாலும் கால் தானே வழி கண்டு செல்லும். விடுதியிலோ, பட்டப்பகலிலும் படிக்கட்டு எங்குள்ளதென அறியாதார் பலர். முதியோரையும் சிறுவரையும் உடனழைத்துக்கொண்டு அயல்நாடு செல்லும் ஒரு குடும்பம், விடுதி தேர்வதில் காட்டவேண்டிய கருத்தெல்லாம் இவ்வொரு வேற்றுமையை அடிப்படையாகக் கொண்டதே.

விடுதிக்கு இடம் தேர்வதில் முன்னோர் காட்டிய முறை கருதற்பாலது. தஞ்சை மராத்திய மன்னர் இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் சத்திரங்கள் எழுப்பினர். ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. வழிச்செல்வோர் எவ்வழியே செல்வரோ அவ்வழியிலேயே அவை அமைந்தன. வழியை விட்டு விலகி ஒதுங்கியிருக்கவில்லை. கட்டடத்தின் அழகினும் அது நிற்கும் இடமே முதன்மையானது என்னும் உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது.

இடமே முதற்கண்

குறைந்த வாடகை என்று நகரின் புறத்தே அறை எடுப்போர், மிச்சப்பட்ட பணத்தை வாடகை வண்டிக்குக் கொடுத்துவிடுவர். பொழுதையும் அதனோடு சேர்த்து இழப்பர். பாங்காக் நகரம் இதற்குத் தக்க சான்று. அந்நகரின் சாலை நெரிசல் உலகறிந்தது. 1999ஆம் ஆண்டில் அங்கு வான்வழித் தொடர்வண்டியும், 2004இல் சுரங்கத் தொடர்வண்டியும் ஓடத் தொடங்கின. இவற்றின் நிலையத்திலிருந்து ஐந்து மணித்துளி நடையில் உள்ள எளிய விடுதி, நிலையத்தினின்று நெடுந்தொலைவிலுள்ள மாளிகை போன்ற விடுதியைக் காட்டிலும் குடும்பத்திற்குப் பயன் மிக்கது. தோக்கியோவில் இறங்குவோர் எந்த வானூர்தி நிலையம் என்பதையும் பார்த்தல் வேண்டும். ஆனேடா நிலையம் நகருக்குள்ளேயே உள்ளது. நரிட்டாவோ நகர நடுவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. நள்ளிரவில் உறங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்து இறங்குவார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

சென்று சேரும் நேரமும் எண்ணத்தக்கது. விடுதிகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே அறையைத் திறந்துவிடும். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இரவிற் புறப்படும் வானூர்திகள் பல, இலண்டனை விடியற்காலையில் அடைகின்றன. எட்டு மணி நேரம் அறையின்றிக் காத்திருத்தல் இளைஞர்க்கு இயலும், பாட்டிக்கு இயலாது. ஆகவே முதல் நாள் இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்தலோ, காலையிலேயே அறை கிடைக்குமா என முன்கூட்டி எழுதிக் கேட்டலோ நன்று.

இலண்டனைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அங்குள்ள சிறு விடுதிகள் பல, பழங்காலத்து வரிசை வீடுகளை மாற்றியமைத்தவை. படிகள் குறுகலானவை, மின்தூக்கி இல்லாதனவும் உண்டு. முழங்கால் வலியுள்ள முதியவர் உடன்வந்தால் இதனைக் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

விண்மீன் காட்டுவதும் காட்டாததும்

விடுதியின் பெயரோடு சேர்த்து எழுதப்படும் விண்மீன்களை உலகம் முழுதும் ஒரே கழகம் வழங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு முறை வைத்துள்ளது. ஐரோப்பிய நாடுகள் சில 2009இல் ஒன்றுகூடித் தமக்குள் பொதுமுறை ஒன்றை வகுத்தன. எனினும் எல்லா நாடுகளும் அதிற் சேரவில்லை. ஆதலின் ஒரு நாட்டின் மூன்று விண்மீனும் மற்றொரு நாட்டின் மூன்று விண்மீனும் ஒன்றாகா. அன்றியும், விண்மீன் பெரிதும் அளப்பது வசதியை: அறையின் பரப்பு, பணியாளர் தொண்டு, உணவகம் முதலியவற்றை. தெரு அமைதியானதா, படிக்கட்டு அகலமானதா என்பவற்றிற்கு அது முழு விடையாகாது.

சொல்லும் சில வேளைகளில் ஏமாற்றும். தமிழ்நாட்டில் ‘ஓட்டல்’ என்னும் பெயர்ப்பலகை பெரும்பாலும் உண்ணும் இடத்தையே குறிக்கும். அங்குத் தங்க அறை இருத்தல் வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் மற்றொரு விதியும் உண்டு. அயல்நாட்டார் தங்கினால் அச்செய்தியை விடுதியார் 24 மணி நேரத்திற்குள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும். இதற்கான ஏற்பாடு இல்லாத சிறு விடுதிகள் அயல்நாட்டுக் கடவுச்சீட்டு உடையாரை ஏற்பதில்லை. மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் மொழியால் உறவினராயினும், மதுரையிலும் திருச்சியிலும் சட்டத்தின் கண்ணுக்கு அயல்நாட்டாரே. பதிவு செய்யும் பொழுதே இதனைச் சொல்லி உறுதி பெறாவிடின், நள்ளிரவில் வாயிலில் நின்று வேறிடம் தேட நேரும்.

கட்டடத்தின் உறுதி

1986ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் ‘ஓட்டல் நியூ வோர்ல்டு’ இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு மணித்துளிக்குள் இடிந்து வீழ்ந்தது. 33 பேர் மாண்டனர்; 17 பேர் இடிபாட்டிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் வியப்பும் வேதனையும் தருவது. கட்டடம் தாங்கவேண்டிய சுமையைக் கணக்கிட்டபொழுது, கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காது விட்டிருந்தனர்! இதன்பின் 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளர் வரைந்த கணக்கை மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டுமென விதித்தது.

தூணின் வலிமையைத் தங்க வருவோர் கணக்கிட முடியாது. அது அரசின் கடமை. தங்குவோர் செய்யக்கூடியது, அரசின் கண்பார்வைக்குட்பட்ட விடுதியைத் தேர்வதே. உரிமம் பெற்ற விடுதி என்பதன் பொருள், சட்டப்படி அதனைச் சோதிக்க ஒருவர் உளர் என்பதாகும். இக்காலத்தில் தனியார் வீடுகளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவோர் பெருகியுள்ளனர். ஆயின் சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்திற்குக் குறைவாக வாடகைக்கு விடுதல் குற்றம். நியூயார்க்கு நகரிலும் 2023 முதல் கடும் பதிவுமுறை நடைமுறையில் உள்ளது. மலிவு கருதி உரிமமற்ற இடத்திற் புகுவோர், பாதுகாப்பை மட்டுமன்றிச் சட்டத்தின் துணையையும் இழப்பர்.

தீயும் புகையும்

விடுதியில் நேரும் இடர்களுள் கொடியது தீ. அமெரிக்க நாட்டு அட்லாண்டா நகரில் ‘வைன்காப்’ என்னும் 15 மாடி விடுதி இருந்தது. தீப்பிடிக்காத கட்டடம் என அது விளம்பரம் செய்து வந்தது. 1946 திசம்பர் 7ஆம் நாள் விடியற்காலையில் அங்குத் தீ மூண்டு 119 பேர் மாண்டனர். ஒரு கூட்டத்திற்காக வந்திருந்த பள்ளி மாணவரும் அவருள் அடங்குவர். விளம்பரம் ஒருவகையில் மெய்யே! கட்டடம் எரியவில்லை, இன்றும் நிற்கின்றது. எரிந்தவை உள்ளிருந்த பொருள்கள். மாண்டவர் உள்ளிருந்த மக்கள். கதவடைப்பு இல்லாத ஒரே படிக்கட்டு, புகையும் அனலும் மேலேறும் புகைபோக்கி ஆயிற்று. தீயணைப்புப் படையின் ஏணிகள் மேல்மாடிகளை எட்டவில்லை.

1980 நவம்பர் 21இல் லாசு வேகாசு நகரின் ‘எம்.ஜி.எம். கிராண்டு’ விடுதியில் மூண்ட தீ மற்றொரு பாடம் புகட்டிற்று. தீ எரிந்தது தரைத்தளத்தில். 85 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மாண்டது பல மாடிகளுக்கு மேலே. அவர்களைக் கொன்றது நெருப்பன்று, புகை. படிக்கட்டுக்குள் இறங்கிய சிலர், பின்னே கதவு தானாகப் பூட்டிக்கொண்டமையால் திரும்பவும் இயலாமல் புகையிற் சிக்கினர். தீப்பிடித்த பகுதியில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. அதன்பின் நெவாடா மாநிலம் உயர்ந்த கட்டடங்களில் அவ்வமைப்பைக் கட்டாயமாக்கியது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் பெறப்படுவன நான்கு. விடுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட படிக்கட்டு இருத்தல் வேண்டும். அவற்றிற்கு மூடும் கதவு இருத்தல் வேண்டும். அறையின் கூரையில் நீர் தெளிக்கும் குமிழும், புகை அறிந்து ஒலிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். அறை மிக உயரத்தில் இல்லாதிருத்தல் நன்று. பல நகரங்களின் ஏணி வண்டிகள் சுமார் 30 மீட்டர் நீளமே எட்டும். ஏணி சாய்ந்து நிற்பதால் எட்டும் உயரம் இன்னும் குறையும். தரைத்தளத்திலோ சாளரம் வழியே கள்வர் புகுதல் எளிது. எனவே இரண்டாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் இடைப்பட்ட அறையே தக்கது. இங்கு எண்ணும் முறையிலும் கருத்து வேண்டும். ஆங்கிலேயர் தரைக்கு மேலுள்ளதை முதல் மாடி என்பர். அமெரிக்கரும் சப்பானியரும் தரைத்தளத்தையே முதல் தளம் என எண்ணுவர்.

குழந்தைகளும் அறையும்

ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதை விடுதியார் வரையறுத்துள்ளனர். அது பெரும்பாலும் தீவிபத்துக் காலத்தில் வெளியேற்றும் கணக்கையும் ஒட்டியது. குழந்தையின் வயதை மறைத்து அறை எடுத்தல் சிக்கனம் ஆகாது. இரண்டு அறை தேவைப்படின், ‘அடுத்தடுத்த அறை’ வேறு, ‘இடையே கதவுள்ள அறை’ வேறு என்பதை அறிதல் வேண்டும். முன்னதில் குழந்தையிடம் செல்லப் பெற்றோர் பொதுக் கூடத்திற்கு வந்தாக வேண்டும், பின்னதில் வேண்டா.

சாளரத்தருகே கட்டிலோ நாற்காலியோ இருப்பின் அதனை உடனே நகர்த்தி வைத்தல் நன்று. குழந்தை ஏறுதற்கு அதுவே படியாகும். குழாய் நீரையும் பெரியவர் முதலில் தொட்டுப் பார்த்தல் வேண்டும். 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அந்நேரமும் வேண்டா. விடுதியின் பெயரும் முகவரியும் அந்நாட்டு எழுத்தில் அச்சிட்ட சீட்டினைப் பிள்ளைகள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்தல் மற்றொரு காப்பு. பாங்காக்கிலும் தோக்கியோவிலும் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாத ஓட்டுநர் உண்டு.

முதற் பத்து மணித்துளி

எத்துணை ஆராய்ந்து தேர்ந்தாலும், அறைக்குள் சென்றபின் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. பெட்டியைத் திறக்குமுன் குடும்பத்தார் அனைவரும் கூடத்திற்கு வந்து, அருகிலுள்ள படிக்கட்டுவரை நடத்தல் வேண்டும். இடையே எத்தனை கதவுகள் உள்ளன என்பதைப் பிள்ளைகளே எண்ணட்டும். புகை சூழ்ந்த இருளில் கண் உதவாது. சுவரைத் தடவிச் செல்லும் கைக்கு அவ்வெண்ணே கண்ணாகும். மற்றொரு திசையிலுள்ள படிக்கட்டையும் அவ்வாறே அறிதல் வேண்டும். அறைத் திறவுகோல் இரவில் ஒரே இடத்தில், கட்டிலருகே இருத்தல் வேண்டும். தீ மணி ஒலித்தால் மின்தூக்கியை நாடாது படியிறங்க வேண்டும். கதவு சுட்டாலோ கூடம் புகையால் நிறைந்திருந்தாலோ, கதவை மூடி, அடியிலுள்ள இடைவெளியை நனைத்த துணியால் அடைத்து, தொலைபேசியால் உதவி கேட்டுச் சாளரத்தருகே இருத்தல் வேண்டும். பணியாளர் எனச் சொல்லிக் கதவைத் தட்டுவோர் யாராயினும், அலுவலகத்தைக் கேட்டு உறுதி செய்த பின்னரே தாழ் திறத்தல் வேண்டும்.

மாணவரை அயல்நாட்டுச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் இவை பொருந்தும். அவர்க்குப் பொறுப்பு இன்னும் மிகுதி. கதவை எண்ணும் இச்சிறு பழக்கத்திற்குச் செலவு யாதுமில்லை. பிள்ளைகள் அதனை விளையாட்டாகவே கற்பர். கற்றபின் செல்லும் ஊர்தோறும் தாமே செய்வர். ஓர் இரவே தங்கினும், வெளியேறும் வழி தெரிந்த விடுதியிலேயே குடும்பம் அச்சமின்றி உறங்கும்.