உயரத்து நடுக்கமும் சீனிக் குறைவும்

மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலையில் ஏறினார். பாறையில் பொருத்தியிருந்த சங்கிலிகளைப் பற்றியே அன்று அம்மலையுச்சியை அடைய வேண்டியிருந்தது. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்ற பெயர் வழங்கியதாக அவர் எழுதியுள்ளார். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குபவன், விழுந்துவிடுவேனோ என்ற அச்சத்தால் கலிமாவை ஓதிவிடுவானாம்.

அந்த அச்சம் எவ்வாறு உண்டாகின்றது? ஆபத்தை உணர்ந்த மாத்திரத்தில், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலின் என்னும் ஓமோனை இரத்தத்திற் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, உடல் வியர்க்கின்றது. ஒடுங்கிய இடத்தில் அகப்பட்டவனுக்கும் இதுவே நேர்கின்றது.

சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நீரிழிவு நோயுடையார் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரத்தத்திற் சீனி அளவுக்கு மீறிக் குறையும்போதும் உடல் இதே அதிரினலினையே சுரக்கின்றது. அதே படபடப்பு, அதே நடுக்கம், அதே வியர்வை. இரு வேறு ஆபத்துக்களுக்கு ஒரே பறை முழங்குகின்றது. பறையைக் கேட்பவன் எதற்காக முழங்குகின்றது என்று அறியாமல் திகைத்தால் அது வியப்பன்று.

நோய் உயர்த்துவது சீனியை. அதனை மிகையாகத் தாழ்த்துவது பெரும்பாலும் மருந்து. 1922ஆம் ஆண்டு கனடாவின் தொரொன்ரோ நகரில் மனிதருக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்த மருந்துடனேயே சீனிக் குறைவு என்னும் இடரும் வந்து சேர்ந்தது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் அவ்விடரை விளைவிக்கக் கூடியன. மெற்போமினை மட்டும் உட்கொள்வோருக்கு இது அரிது. தாம் விழுங்கும் குளிசையின் பெயரைக்கூட அறியாதார் பலர் உளர். அதனை வைத்தியரிடம் கேட்டறிதல் முதற் கடமை.

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் உயரத்திலேறிப் பிழைப்போர் பலர். தேங்காய் பறிப்போர், மாடி வீடு கட்டுவோர், பள்ளிவாசல் மினாராக்களுக்கு வர்ணம் பூசுவோர் என அவர்கள் பல திறத்தினர். நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ மேசன் ஒருவர் காலைக் குளிசையை விழுங்கி, வெறுந் தேநீர் மட்டும் அருந்திச் சாரக்கட்டில் ஏறினார் என வைத்துக்கொள்வோம். முற்பகல் பதினொரு மணியளவில் அவருடைய கை நடுங்குகின்றது. உயரத்தால் வந்த அச்சமென எண்ணி, பலகையைப் பற்றிக் கண்களை மூடிக்கொள்கின்றார். அச்சமாயின் சிறிது நேரத்தில் அது தணிந்துவிடும். சீனிக் குறைவாயின், அவர் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மோசமாகும். பற்றியிருக்கும் கையும் நெகிழும். இருபது ஆண்டுகளாக அஞ்சாமல் ஏறியவருக்கு ஒருநாள் திடீரென அச்சம் தோன்றுமாயின், அதனையே சீனிக் குறைவின் அடையாளமாகக் கொள்ளலாம்.

வேறுபாட்டை உணர்த்தும் குறிகளும் உள. கடும்பசி, உதட்டில் மரமரப்பு, பார்வை இரட்டித்தல், பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல் ஆகியன பெரும்பாலும் சீனிக் குறைவையே காட்டுவன. மூளைக்குக் குளுக்கோசே தலையாய உணவு; அது வற்றும்போது அறிவு மங்கத் தொடங்கும். தம் நிலையைத் தாமே சீர்தூக்க வேண்டிய அவ்வேளையில் சீர்தூக்கும் கருவியே பழுதடைகின்றது! நெடுங்காலம் நோயுற்றோர் சிலரிடம் முன்னறிகுறிகள் மறைந்துவிடுவதும் உண்டு. இருதய நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும். வியர்வை மட்டும் எஞ்சும்.

ஆகவே, ஏறுமுன் விரல் நுனியிலிருந்து துளி இரத்தம் எடுத்துச் சோதித்தல் வேண்டும். 100 மில்லி லீற்றரில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் அது குறைவு, ஏறலாகாது. மேலே நிற்கையில் ஐயம் தோன்றினால், சோதிக்க வழியில்லாதபோது சீனிக் குறைவென்றே கொள்க. ஒருமுறை வீணாக உண்ட சீனியால் பெருந்தீங்கு இல்லை. பலகையில் அமர்ந்து, 15 கிராம் குளுக்கோசை, அல்லது மூன்று தேக்கரண்டிச் சீனியை உட்கொண்டு, 15 நிமிடம் பொறுத்து, துணையுடன் இறங்குதல் வேண்டும். கொழுப்புக் கலந்த சொக்கலேற்று மெதுவாகவே சேரும். சாரன் உடுத்தோர் இடுப்புவாரில் குளுக்கோசுப் பொட்டலம் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். தென்னையிலோ அமர்ந்து ஆற இடமில்லை; சீனி அடிக்கடி குறைபவர் அத்தொழிலைப் பிறரிடம் விடுதலே தக்கது.

ஒடுங்கிய இடங்களுட் கிணறும் மலகூடக் குழியும் தனி வகை. அங்கே மயக்கம் வந்தால் நச்சுவாயுவோ பிராணவாயுக் குறைவோ காரணமாகலாம். மேலே ஆளும் இடையிற் கயிறும் இன்றி எவரும் இறங்கலாகாது. மயங்கியவரை மீட்க மற்றொருவர் குதிப்பதும் ஆகாது.

வைத்தியசாலையில் காந்த அலைப் படம் எடுக்கும் குழாய் வேறொரு வகை. அதனுள் அரைமணிக்கு மேலும் அசையாமற் கிடக்க நேரலாம். அங்கே நடுங்கித் தம் சீனி இறங்கிவிட்டதென உறுதியாய் எண்ணிய ஒருவரின் இரத்தத்தைச் சோதித்தால், அளவு 140 எனக் காட்டக்கூடும். அச்சத்தாற் சுரந்த அதிரினலின் ஈரலிலுள்ள சீனியை வெளியேற்றுவதே காரணம். உட்செல்லுமுன் சோதித்தவருக்கு இக்கலக்கம் பாதியாகும். உதவி கேட்கக் கையிற் கொடுக்கும் அழுத்துபந்தைப் பயன்படுத்த நாணுதல் வேண்டா. இன்சுலின் பம்பி அணிந்தோர் அதனை முன்னரே தெரிவித்துக் கழற்றிவைத்தல் வேண்டும்.

றமழான் மாதத்துப் பிற்பகல்களில் இவ்விடர் மிகும். நோயாளருக்குத் திருக்குர்ஆன் சலுகை வழங்கியுள்ளது. நோன்பு நோற்க விரும்புவோர் மருந்தின் அளவையும் வேளையையும் வைத்தியரிடம் முன்கூட்டியே மாற்றியமைத்தல் வேண்டும். அளவு 70இற்குக் கீழ் இறங்கினால் உடனே நோன்பை விடுமாறு வைத்தியர் கூறுவர். விரல் நுனிச் சோதனையால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு.

மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

இப்னு பதூதா ஏறிய மலையின் உயரம் 2243 மீற்றர். இன்று படிகள் உள. எனினும் இரவு முழுவதும் ஏறும் உழைப்புப் பெரிது. அத்தகைய உழைப்புக்குப் பின், பல மணி நேரங் கழித்தும் சீனி இறங்கக்கூடும். ஊர் திரும்பும் பஸ்ஸில் அயர்ந்து உறங்கும் நீரிழிவு நோயாளரை அருகிலிருப்பவர் இடையிடையே எழுப்பிப் பார்ப்பதும், அன்றிரவு படுக்கைக்கு முன் மீண்டும் சோதிப்பதும் அவசியம்.