சட்டத்தின் ஆட்சியும் வளர்ச்சியும் (பட்ட மேற்படிப்பு)

சட்டத்தின் ஆட்சியும் வளர்ச்சியும் என்பது ஒரு நாட்டின் நீதிமன்றம், காவல்துறை, நிலப்பதிவு, சட்ட உதவி ஆகியவற்றுக்கும் மக்களின் வாழ்க்கை நிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பட்ட மேற்படிப்புத் துறையாகும். சில பல்கலைக்கழகங்களில் இது எல்.எல்.எம். பட்டமாகவும், சிலவற்றில் வளர்ச்சியியல் முதுகலைப் படிப்பின் பகுதியாகவும் கற்பிக்கப்படுகிறது. சிகாகோ லயோலா பல்கலைக்கழகம் உரோம் நகரில் நடத்திய எல்.எல்.எம். படிப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பொருள்

ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே சட்டத்தின் ஆட்சி. இக்கருத்தை 1885இல் வெளியான தம் நூலின் வழியாக ஏ. வி. டைசி பரவலாக அறியச் செய்தார். சட்டம் இருப்பது மட்டும் போதுமானதன்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களைக் கொண்டே கறுப்பின மக்களை ஒடுக்கியது. எனவே, சட்டத்தின் ஆட்சி என்பதில் மனித உரிமைகளும் அடங்குமா என்பது இத்துறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அடங்கும் என்றார் பிரித்தானிய நீதிபதி டாம் பிங்காம். அதை நடைமுறை ஒழுங்காக மட்டுமே கண்டார் மெய்யியலாளர் ஜோசப் ராஸ்.

வரலாறு

1960களில் அமெரிக்க அறிஞர்கள் பலர் ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் சட்டங்களையும் சட்டக் கல்வியையும் சீர்திருத்த முனைந்தனர். அமெரிக்கச் சூழலில் உருவான கருதுகோள்கள் அந்நாடுகளுக்குப் பொருந்தவில்லை என, அம்முயற்சியில் பங்கேற்ற டேவிட் டிரூபெக்கும் மார்க் கலாண்டரும் 1974இல் எழுதினர். பனிப்போர் முடிந்தபின் உலக வங்கி முதலியவற்றின் நிதியுதவியால் இத்துறை புத்துயிர் பெற்றது.

நிலப்பதிவு: ஒரு பாடம்

நிலத்திற்குப் பட்டா வழங்கினால் உழவர் கடன் பெற்று முன்னேறுவர் என்ற எண்ணத்தில், கென்யாவில் 1954ஆம் ஆண்டின் ஸ்வின்னர்டன் திட்டத்தைத் தொடர்ந்து தனியார் பெயரில் நிலங்கள் பதிவு செய்யப்பட்டன. பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் பெயரே பதிவேட்டில் ஏறியது. வழக்காற்றின்படி அந்நிலத்தில் பயிரிட்டு வந்த பெண்களின் உரிமை எழுத்தில் இடம்பெறவில்லை. அதனால் கணவர் நிலத்தை விற்றாலோ அடகு வைத்தாலோ தடுக்க அவர்களுக்குச் சட்டப் பிடிமானம் குறைந்தது. நல்ல நோக்கமுடைய சட்டமும் எளியோரைப் பாதிக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்றைய நிலை

ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 16ஆவது, அனைவருக்கும் நீதி கிடைப்பதையும், 2030க்குள் பிறப்புப் பதிவு உட்பட அனைவருக்கும் சட்ட அடையாளம் வழங்குவதையும் வலியுறுத்துகிறது. பிறப்புச் சான்று இல்லாத குழந்தை பள்ளியில் சேரவும் பின்னாளில் குடியுரிமையை நிறுவவும் இடர்ப்படலாம். ஆகவே, ஏட்டிலுள்ள சட்டத்தை மட்டுமின்றி, அது ஊரில் யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பதையும் கள ஆய்வின் வழியே அறிவது இப்படிப்பில் இன்றியமையாததாகும்.