கொடையில் சீசன் முடிய, ஸ்டீமில் சீசன் தொடங்கும்

ஏப்ரலும் மேயும் கொடைக்கானலில் அறை வாடகை ஏறும் மாதங்கள். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியைச் சுற்றிச் சைக்கிள் கூட்டம், வத்தலக்குண்டு சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்தே நகராத வண்டி வரிசை. ஜூனில் பள்ளிகள் திறந்துவிடும். மேகம் இறங்கிச் சாரல் பிடிக்கும். மேயில் ‘ரூம் இல்லைங்க’ என்று கைவிரித்த விடுதியே ஜூன் கடைசியில் ‘ஆஃப் சீசன் ரேட்’ சொல்லிக் கூப்பிடும்.

ஏறக்குறைய அதே வாரத்தில் இன்னொரு சீசன் ஆரம்பமாகிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் கோடை விற்பனை, பெரும்பாலும் ஜூன் கடைசி வியாழக்கிழமை, நம் நேரத்துக்கு இரவு பத்தரை மணிக்குத் திறக்கும். உலகத்தில் உள்ள கேம் பிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகிறார்கள். மலை ஊர் வழக்கப்படி பார்த்தால் விலை எகிற வேண்டும். ஆனால் பாதியாகிறது, கால்பங்காகிறது, சில பழைய கேம்களுக்குப் பத்தில் ஒரு பங்காகவே ஆகிவிடுகிறது.

ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது? மலையில் இடம் அளவானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வந்துவிட்டது. ஓர் அறையில் ஒரு குடும்பம் தங்கினால் அன்றிரவு இன்னொரு குடும்பத்துக்கு அது கிடையாது. ஆள் கூடக் கூட வாடகை ஏறத்தான் செய்யும்.

கேமுக்கு அந்தக் கட்டு இல்லை. அதை உருவாக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பும் கோடிக்கணக்கில் பணமும் போகலாம். உருவாகிவிட்ட பிறகு பத்து லட்சமாவது பிரதியை எடுக்கக் கடைக்கு ஏறக்குறைய எதுவும் செலவில்லை. ஆகவே 2,000 ரூபாய் கொடுக்க மனமுள்ளவரிடம் வெளியான அன்றே 2,000 வாங்கிவிடுவார்கள். 500க்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்பவருக்கு, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து அவர் கேட்ட விலைக்கே கொடுப்பார்கள். அவசரக்காரர் யார், பொறுமைசாலி யார் என்று கடைக்காரர் ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டியதில்லை. காலமே பிரித்துக் கொடுத்துவிடும்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2009இல் லாஸ் வேகாஸில் நடந்த டைஸ் மாநாட்டில் சொன்னார். ஒரு விடுமுறைக்கால விற்பனையில் வெவ்வேறு அளவில் தள்ளுபடி கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். 10 விழுக்காடு தள்ளுபடிக்கு விற்பனை வருவாய் 35 விழுக்காடு கூடியது. 25க்கு 245, 50க்கு 320, 75க்கு 1,470 விழுக்காடு. கடைசி எண்ணில் கொஞ்சம் நின்று பாருங்கள். விற்ற பிரதிகளின் எண்ணிக்கை அல்ல அது, கைக்கு வந்த பணம். வருவாய் ஏறக்குறைய பதினாறு மடங்கு, விலையோ கால்பங்கு. அப்படியானால் பிரதிகள் அறுபது மடங்குக்கு மேல் போயிருக்க வேண்டும். முழு விலையில் அந்த கேமைத் திரும்பியும் பார்க்காத கூட்டம் அவ்வளவு பெரியது.

நம்மூர் ஆடித் தள்ளுபடியின் கணக்கு வேறு. கல்யாணம் காட்சி இல்லாத மாதத்தில், தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண, தேங்கிய துணியைத் தள்ளிவிடும் வேலை அது. ஸ்டீமில் தேங்குவதற்குச் சரக்கே கிடையாது. தேக்கமெல்லாம் வாங்கியவர் வீட்டில்தான். 2014இல் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்ப இதழ், பொதுப் பார்வைக்குத் திறந்திருந்த ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. மக்கள் தங்கள் பெயரில் வைத்திருந்த கேம்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. இலவசமாகவும் மற்றவற்றோடு சேர்ந்தும் வந்தவை அதில் இருக்கும் என்று கழித்துக்கொண்டாலும், பெரிய எண்தான்.

பேராசை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், வாங்கும்போது இரண்டு தனித்தனி இன்பங்கள் கிடைப்பதாகச் சொன்னார். ஒன்று, பொருளால் வருவது. மற்றொன்று, ‘கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தேன்’ என்ற பேரத்தால் வருவது. அடித்துவிட்ட பழைய விலையைப் பக்கத்திலேயே காட்டுவது இரண்டாவது இன்பத்துக்காக. அந்த இன்பம் பணம் கட்டிய நொடியிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. கேமைத் திறந்து பார்க்க வேண்டிய தேவைகூட அதற்கு இல்லை.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது கால் சாபர்மனும் ஜான் லிஞ்சும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. அடுத்த மாதம் கையில் பணம் தாராளமாக இருக்குமா என்று கேட்டால் மனிதர்கள் ஓரளவு நிதானமாகவே பதில் சொல்கிறார்கள். இப்போது இருக்கும் இழுபறி அப்போதும் இருக்கும் என்று தெரிகிறது. நேரத்தைப் பற்றிக் கேட்டால் நிதானம் போய்விடுகிறது. இந்த வாரம்தான் மூச்சுவிட நேரமில்லை, பின்னால் ஓய்வு நிறையக் கிடைக்கும் என்றே எல்லாரும் நம்புகிறார்கள். அந்த ஓய்வை நம்பித்தான் நூறு மணி நேர கேமை வாங்குகிறோம். இதோடு 1999இல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ஷோபனா கல்யாணராமன் மூவரும் திரைப்படங்களை வைத்துச் செய்த சோதனையையும் சேர்த்துப் பார்க்கலாம். இன்றிரவே பார்க்கப் படம் எடுக்கச் சொன்னால் மக்கள் பொழுதுபோக்குப் படத்தை எடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்க்க எடுக்கச் சொன்னால் கனமான, உயர்ந்த படங்களின் பக்கம் கை அதிகமாகப் போனது. விற்பனையில் வாங்குவது எல்லாமே ‘பிறகு’ ஆடுவதற்குத்தான். அதனால் விருது பெற்ற பெரிய காவியங்கள் லைப்ரரியில் வரிசையாக அடுக்கிக் கிடக்கும். களைத்து வந்த இரவில் பழைய கிரிக்கெட் கேமே ஓடும்.

ஆக, மலைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதுபோல வாங்குபவருக்கும் ஒன்று உண்டு, அவருடைய மணி நேரம். கடைக்காரர் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், ஆட வேண்டிய நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்க முடியாது. வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரத்தில் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 260 மணி நேரம். விட்சர் 3 கேமின் மையக் கதையை முடிக்கவே ஐம்பது மணி நேரம் போல ஆகும். கிளைக் கதைகளையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். அப்படி மூன்று வாங்கினால் அந்த ஆண்டே தீர்ந்துபோகும்.

கணிதக்காரர்கள் இதை முதுகுப்பைப் புதிர் என்பார்கள். பை இவ்வளவுதான் தாங்கும், எந்தெந்தப் பொருளை எடுத்து வைத்தால் மொத்தப் பயன் அதிகம்? கேட்க எளிது. விருப்பப் பட்டியலில் 20 கேம் இருந்தால், எதை எடுப்பது எதை விடுவது என்பதற்கு 10,48,576 வழிகள். பட்டியல் 40 ஆனால் வழிகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். 1972இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணிப்புப் புதிர்களில் முதுகுப்பையும் ஒன்று. எப்போதும் விரைவாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. நல்லவேளையாக, கேம் வாங்க அப்பழுக்கற்ற விடை தேவையில்லை. பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் விலையை அழித்துவிட்டு மணி நேரத்தை எழுதுங்கள். பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

உடனே சிலர் அடுத்த முனைக்கு ஓடுவார்கள். விலையை மணி நேரத்தால் வகுத்து, மணிக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பார்கள். இது இன்னும் மோசமான அளவுகோல். கனடாவின் டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேடு, அதிலிருந்து ஒவ்வொரு சமையலாக மீட்டெடுப்பது. இட்லி வேகவைப்பதே அங்கே ஒரு புதிர். ஒன்றரை மணி நேரம் போல ஆடினால் கதை முடிந்துவிடும். ரூபாய்க் கணக்கு போடுபவர் இதைத் தொடவே மாட்டார். 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம், அதே ஆண்டு சுயாதீன கேம் விழாவான ஐஜிஎஃபின் தலையாய பரிசு, இரண்டும் இதற்குத்தான் கிடைத்தன. தமிழில் வளர்ந்தவர் ஒருவர் இதை ஆடாமல், மலிவாகக் கிடைத்த எண்பது மணி நேர வாள்சண்டையை வாங்கிப் போடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

விமர்சன மதிப்பெண்ணிலும் ஒரு கண் வேண்டும். ஒரு கேமுக்குப் பத்துப் பேர் எழுதி பத்துப் பேரும் ‘நன்று’ என்கிறார்கள். இன்னொன்றுக்கு ஆயிரம் பேரில் 930 பேர். நூறு விழுக்காடு மேலா, 93 மேலா? எட்வின் வில்சன் 1927இல் தந்த சூத்திரம் இதற்கு உதவுகிறது. கையில் இருக்கும் சான்று எவ்வளவு என்பதையும் சேர்த்து, உண்மையான மதிப்பு குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று அது சொல்லும். 95 விழுக்காடு நம்பகத்தில் கணக்கிட்டால் முதல் கேமுக்கு அடித்தளம் 72 விழுக்காடு, இரண்டாவதற்கு 91. ஆயிரம் பேர் சொன்ன 93தான் உறுதியானது.

மலையில் இருந்து ஆடுபவர்களுக்கு வேறு இரண்டு கணக்குகளும் உண்டு. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வீட்டு இணையம் நொடிக்குப் பத்து மெகாபிட் வேகத்தில் விடாமல் வந்தாலும், 100 ஜிகாபைட் கேம் இறங்க 22 மணி நேரம் ஆகும். சாரல் நாளில் மின்சாரமும் இணையமும் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் நிற்க வேண்டும். வாங்குமுன் கேமின் அளவைப் பாருங்கள். மற்றது காற்று. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், சென்னையோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. லேப்டாப்பின் விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், வெப்பத்தை அள்ளிப்போக ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைகிறது. ஆனால் அறையே சென்னையைவிடப் பல டிகிரி குளிர்ந்திருப்பதால் அந்த நஷ்டம் பெரும்பாலும் ஈடாகிவிடும். கொடையின் குளிர் கணினிக்கும் நல்லதுதான்.

எப்போது வாங்குவது என்பதில் 2015 ஒரு திருப்பம். அந்த ஆண்டு ஜூனில் ஸ்டீம் ரீஃபண்ட் முறையைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதுவரை விற்பனைக்குள்ளேயே சில மணி நேரத்துக்கு மட்டும் விலையை இன்னும் குறைக்கும் மின்னல் தள்ளுபடிகள் இருந்தன. ரீஃபண்ட் வந்தபின் அதில் பொருளில்லை. முதல் நாள் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த விலைக்கு மறுபடி வாங்கிவிடுவாரே. அந்த ஆண்டுக் கடைசி விற்பனைகளிலிருந்து மின்னல் தள்ளுபடிகள் நின்றுபோயின. இப்போது பொதுவாக முதல் இரவு இருக்கும் விலையே கடைசி நாளிலும் இருக்கும். தவறினாலும் இலையுதிர் கால விற்பனையும் குளிர்கால விற்பனையும் பின்னாலேயே வருகின்றன.

எனவே முதல் இரவு பத்தரை மணிக்குப் பட்டியலை மட்டும் நிரப்புங்கள். வாங்குவதைக் கடைசி இரண்டு நாட்களுக்கு ஒத்திவையுங்கள். இடைப்பட்ட நாட்களில், ஏற்கெனவே வாங்கித் திறக்காமல் வைத்திருக்கும் ஒரு கேமை இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அது பிடித்துப்போனால் இந்த ஆண்டு எதையும் வாங்க வேண்டியதில்லை.