உயரத்தின் எதிரி காற்று

சிகாகோவில் மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடம் 1891 முதல் நின்றுகொண்டிருக்கிறது. அதன் வடபாதியின் எடையைச் செங்கல் சுவர்களே தாங்குகின்றன. அதற்காகத் தரைமட்டத்தில் சுவரின் கனம் ஏறத்தாழ 1.8 மீட்டர். செங்கல்லை நம்பி இன்னும் மேலே போயிருந்தால், கீழ்த்தளம் முழுக்கச் சுவராகவே ஆகியிருக்கும். அதே ஊரில் வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885இலேயே வேறு வழி காட்டியிருந்தார். அவர் கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் எடையின் பெரும்பகுதியை இரும்பும் எஃகும் சேர்ந்த சட்டகம் ஏற்றுக்கொண்டது.

எடைக்கு விடை கிடைத்ததும் காற்று குறுக்கே வந்தது. ஒரு கட்டடத்தின் அகலத்தையும் அமைப்பையும் மாற்றாமல் உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், அதைக் கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் திருப்புவிசை நான்கு மடங்காகிறது. உச்சி சாய்ந்து விலகும் தூரமோ 16 மடங்கு! காற்று எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில் வீசினாலே இந்தக் கணக்கு. உண்மையில் மேலே போகப் போக அதன் வேகமும் கூடுகிறது. அதைச் சமாளிக்க எஃகைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டாக்காவில் 1929இல் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான். மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றில் ஒடியாமல் நிற்கிறது அல்லவா? ஒரு பொருள் நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது வளைவை எதிர்க்கும். கான் கட்டடத்தின் வலிமையை அதன் வெளிமுகத்துக்கே கொண்டுபோனார். தூண்களையும் உத்தரங்களையும் ஓரத்தில் நெருக்கி அமைத்து, முழுக் கட்டடத்தையும் ஒரு குழாயாக்கினார். 1969இல் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தில், முகப்பு முழுவதும் பெருக்கல் குறிபோல் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. 1931இல் எழுந்த 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தளப்பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ எஃகு தேவைப்பட்டது. ஹான்காக்குக்குச் சுமார் 145 கிலோ போதுமானதாக இருந்தது. அடுத்து ஒன்பது குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்து 442 மீட்டர் உயர சியர்ஸ் கோபுரத்தை எழுப்பினார் கான். நம் துணைக்கண்டத்தில் பிறந்த இந்த மேதையின் பெயரை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே அறிய வேண்டும்.

காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. கட்டடத்தைக் கடக்கும்போது அதன் பின்புறம் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை உருவாக்கும். ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்த இழுப்பின் தாளமும் கட்டடத்தின் இயல்பான அசைவும் ஒன்றிவிட்டால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். தைபே 101 கட்டடம் இந்த ஆட்டத்தை அடக்க, மேல்மாடிகளில் 660 டன் எடையுள்ள எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறது. துபாயின் புர்ஜ் கலிஃபாவை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் பேக்கர், ஆட்டம் தொடங்கவே இடம் கொடுக்கவில்லை. மூன்று சிறகுகள் நடுமையத்தைத் தாங்கிப்பிடிக்க, உயரம் கூடக் கூடச் சிறகுகள் சுற்று வரிசையில் ஒவ்வொன்றாகக் குறுகுகின்றன. ஒவ்வோர் உயரத்திலும் உருவம் மாறுவதால் சுழல்களால் ஒரே தாளத்தில் சேர முடிவதில்லை. 828 மீட்டர் உயரத்துக்கு இதுவே பெரும் துணை.

அந்த 828 மீட்டரில் உச்சியிலுள்ள சுமார் 244 மீட்டரில் மனிதர் புழங்கும் தளம் எதுவும் இல்லை. உயரம் வேறு, நெருக்கமாக மக்கள் வாழ்வது வேறு. பாரிஸில் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரம் 1973இல் எழுந்தது. அதை நகரத்தார் வெறுத்தார்கள். 1977இல் கட்டட உயரம் 37 மீட்டருக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் ஆறேழு மாடிகளே கொண்ட அந்த நகரில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள். கோபுரங்களுக்கிடையே வெளிச்சத்துக்கும் சாலைக்கும் வாகனங்களுக்கும் இடம் விட வேண்டும். உள்ளேயும் லிஃப்டுகள் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் இருமடங்கு உயரம் இருமடங்கு மக்களுக்கு இடம் தருவதில்லை.

ஹாங்காங்கின் கதை வேறு. நிலத்தில் பெரும்பகுதி மலையும் காடும் என்பதால் அங்கே உயரம் தவிர்க்க முடியாதது. மெட்ரோ நிலையங்களுக்கு மேலேயே வீட்டுக் கோபுரங்களை எழுப்பியதால் அந்த உயரம் மக்களுக்குப் பயன்படுகிறது.

2050இல் உலக மக்களில் 68 சதவீதத்தினர் நகரங்களில் இருப்பார்கள் என்று ஐ.நா. 2018இல் கணித்தது. அவர்களுக்கு வேண்டிய வீடுகளில் பெரும்பகுதியை நடுத்தர உயரக் கட்டடங்களே தர முடியும் என்பது என் முடிவு. வானுயர்ந்த கோபுரம் நிலம் அரிதான இடத்துக்கு மட்டும் போதும். உங்கள் ஊரில் புதிய அடுக்குமாடி எழுகிறதென்றால், எத்தனை மாடி என்று வியப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், நடக்கும் தூரத்தில் ரயில் இருக்கிறதா என்று கேளுங்கள்.