வாடகைத் தாய்: சட்டம் கேட்கும் தகுதிகள்

ஜிகனி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் தமிழ்ச் சகோதரிகள் பலர். “ஒரு பிள்ளை பெத்துக் கொடுத்தா லட்சக்கணக்கில் காசு, கடனெல்லாம் தீந்திடும்” என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 2021-ஆம் ஆண்டின் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 25.1.2022 முதல் நடப்பில் உள்ளது. காசுக்காகப் பிள்ளை சுமக்க வைப்பதை அது தடுக்கிறது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்படியானால் யார் வாடகைத் தாய் ஆகலாம்? திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். கருவைக் கருப்பையில் வைக்கும் நாளில் வயது 25 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று தேவை. கருமுட்டை அவருடையதாக இருக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரே முறைதான் வாடகைத் தாய் ஆகலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் அவருக்கு உண்டு, கூலி கிடையாது.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. வழக்கு என்று வந்துவிட்டால், கணவரோ உறவினரோதான் அவரைக் கட்டாயப்படுத்தினார் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டும்.

சம்மதப் பத்திரம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. ஆகவே கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர், “தமிழில் கொடுங்க” என்று தயங்காமல் கேட்கலாம். கருவை வைக்கும் முன்புவரை “எனக்கு வேண்டாம்” என்று விலகவும் அவருக்கு உரிமை உண்டு.