ஆடிக் கடைசியில் கிடா... தை முதலில் குட்டி!

அடைமழையில் பிறந்த செம்மறிக் குட்டியைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்பது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்குத் தெரியும். பட்டி முழுக்கச் சேறு. நனைந்த குட்டிக்குச் சளி, கழிச்சல். வருஷம் முழுக்க வெயிலில் அலைந்ததன் பலன் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது.

மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. கிடா எப்போதும் மந்தையோடு திரிவதுதான் கோளாறு. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆனியில் சேர்ந்தால் கார்த்திகையில் குட்டி. அதையே ஆடிக் கடைசியில் சேர்த்தால் பொங்கலை ஒட்டி ஈனும். அப்போது மழை ஓய்ந்திருக்கும், தரிசிலும் கண்மாய்க் கரையிலும் புல் இருக்கும், தாய்க்குப் பால் ஊறும். பனிக்கு, ராத்திரியில் குட்டிகளைக் கூட்டில் அடைத்தால் போதும்.

ஆக, வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் கிடாவைப் பிரித்து வையுங்கள். தனிப் பட்டிக்கு வழியில்லை என்றால், கிடாவின் அடிவயிற்றை மறைத்து சாக்குத் துணி கட்டி விடலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும். அவ்வப்போது அவிழ்த்து, புண் இருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் ஆட்டை ஒன்றாக மேய்க்கும் ஊரில், எல்லோரும் கட்டினால்தான் பலன். ஒருவர் கிடா அவிழ்ந்து திரிந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

கோடையில் உதிரும் கருவேலங்காயைச் சேர்த்து வையுங்கள். கிடாவை விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, பெட்டை ஒன்றுக்கு தினம் 200 கிராம் இடித்துக் கொடுத்தால் உடம்பு தேறி, சினை நன்றாகப் பிடிக்கும். சீமைக்கருவேல் காயும் ஆகும். இடிக்காமல் போட்டால் விதை சாணத்தோடு போய் வயலெல்லாம் முளைக்கும், கவனம். குடற்புழு மருந்தையும் கிடாவை விடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சில மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது. துள்ளுமாரித் தடுப்பூசி மழைக்கு முன்பு.

25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர்க் கிடாவாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் தன் குட்டியோடே சேரும்.

முதல் வருஷம் எல்லா ஆடும் ஒரே சமயத்தில் ஈனாது. ஏற்கெனவே சினையானவை முன்னே பின்னேதான் வரும். ஈன்ற குட்டி அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். இரண்டரை கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர்.

'கார்த்திகைக் குட்டி இல்லாவிட்டால் கைக்காசுக்கு என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். தையில் பிறந்த கிடாக்குட்டிக்கு ஆடியில் ஆறு மாதம். அம்மன் கோயில் கொடைக்கு ஆடு தேடி வருகிற மாதமும் அதுதான்.